முள்ளை முள்ளால் எடுத்தவர்கள்

டி.ஜே. குலம் எங்கே தோன்றியது என்று கேட்டால் ஆளுக்கொரு ஸ்தல புராணம் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது பாரிஸ் புராணம். 1953-ல் அங்கே ‘விஸ்கி ஆ கோகோ’ என்ற இரவு விடுதியில் ரெஜின் என்ற இளம்பெண் வேலை பார்த்தார். பாட்டுக்கு ஒரு ஜூக்பாக்ஸ். ஒரு பாட்டு முடிந்து, அந்தப் பெட்டி ஆற அமர அடுத்த இசைத்தட்டைத் தேடி எடுத்து வைப்பதற்குள் அறை முழுக்க நிசப்தம். அந்த நிசப்தத்தில் மூலையில் ஒதுங்கிய ஜோடிகள் முத்தமிடும் சத்தம் எல்லோருக்கும் கேட்டதாம். பார்த்தார் ரெஜின். ஜூக்பாக்ஸை ஓரங்கட்டிவிட்டு இரண்டு டர்ன்டேபிள்களை வைத்தார். ஒன்று ஓயும்போது மற்றது எழும்; நடுவில் வேறெந்தச் சத்தத்துக்கும் இடமில்லை. இதெல்லாம் அவரே சொன்னது, ஆகவே கால்வாசியைத் தள்ளுபடி செய்துவிடலாம். மிச்சமிருப்பதே போதும்: மிக்ஸிங் என்ற மகத்தான கலை, வாடிக்கையாளர்களின் மானம் காக்கப் பிறந்தது.

அதே ஐம்பதுகளில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இரண்டு டர்ன்டேபிளுக்கு வசதியும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. திறந்தவெளியில் ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி, ஒற்றை டர்ன்டேபிளில் அமெரிக்கத் தட்டுகளை ஓட்டுவார்கள். தட்டு மாற்றும் நேரத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து வாய்க்கு வந்ததைத் தாளக்கட்டோடு பேசுவார். கவுன்ட் மச்சுக்கி என்பவர் இதில் கில்லாடி. எப்படி இணைத்தாய் என்று அங்கே யாரும் சண்டை போடவில்லை. உன்னிடம் இருக்கும் தட்டு என்ன என்பதில்தான் வெட்டுக்குத்து. டியூக் ரீட் முன்னாள் போலீஸ்காரர். இடுப்பில் துப்பாக்கியோடுதான் பாட்டுப் போட வருவார், ஆகவே விமர்சகர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். அவருடைய போட்டியாளர் காக்ஸன் டாட், வில்லிஸ் ஜாக்ஸன் என்ற சாக்ஸஃபோன்காரரின் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து, லேபிளைச் சுரண்டிவிட்டு, ‘காக்ஸன் ஹாப்’ என்று தன் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார். அது யார் வாசித்தது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ரீட் அலைந்து திரிந்து அதே தட்டைப் பிடித்து, ஒரு ராத்திரி காக்ஸன் காதுபடவே போட்டார். காக்ஸன் அங்கேயே மயங்கிச் சரிந்தார் என்பது கிங்ஸ்டன் வரலாறு.

இனி மிக்ஸிங்கை நிஜமாகவே ஒரு வித்தையாக்கியவருக்கு வருவோம். 1968-ல் நியூயார்க்கின் ‘சால்வேஷன் டூ’ விடுதியில் வழக்கமான டி.ஜே. ஒருநாள் வேலைக்கு வந்து சேரவில்லை. வந்திருந்த கூட்டத்திலிருந்து ஃபிரான்சிஸ் கிராசோ என்ற இளைஞரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்ட உடம்பு தேறுவதற்காக நடனம் ஆடத் தொடங்கி, அதையே கொஞ்ச காலம் பிழைப்பாகவும் வைத்திருந்தவர். வழக்கமான ஆள் நள்ளிரவு தாண்டி வந்து பார்த்தபோது அவருடைய வேலை போயிருந்தது.

அடுத்து கிராசோ போன இடம் ‘சாங்ச்சுவரி’. ஜெர்மன் பாப்டிஸ்டுகளின் தேவாலயமாக இருந்த கட்டடம். பலிபீடம் இருந்த இடத்தில் டர்ன்டேபிள்கள், சுவரில் சாத்தானின் பிரம்மாண்ட ஓவியம். பிரசங்கம் மட்டும்தான் பாக்கி. ஹாலில் ஓடும் பாட்டை ஒரு காதிலும், அடுத்து வர வேண்டிய பாட்டை ஹெட்ஃபோன் வழியாக மறு காதிலும் கேட்பார். இரண்டின் டிரம்ஸ் அடியும் ஒரே வேகத்துக்கு வரும்வரை டர்ன்டேபிளின் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். கீழே சுழல் மேடை சுற்றிக்கொண்டிருக்க, மேலே தட்டை விரலால் அசையாமல் பிடித்திருப்பார். சரியான அடி வந்ததும் விரலை எடுப்பார். ஆடுகிறவர்களுக்குப் பாட்டு மாறியதே தெரியாது. அன்றைக்குத் தட்டுகளில் டிரம்ஸ் வாசித்தவர்கள் மனிதர்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். குஷி பிறந்தால் வேகம் ஏறும், களைத்தால் இறங்கும். முன்பின் பார்த்திராத இரண்டு டிரம்மர்களை விரல் நுனியால் ஒத்துப்போக வைத்தவர் கிராசோ. சிகாகோ குழுவின் டிரம்ஸுக்கு மேலே லெட் ஜெப்பலின் பாடகரின் முனகலை நீளமாக ஓடவிட்டது அவருடைய ‘மாஸ்டர் பீஸ்’. தேவாலயத்தில் அந்த முனகல் எப்படிக் கேட்டிருக்கும் என்பதை ஜெர்மன் பாப்டிஸ்டுகள்தான் சொல்ல வேண்டும்.

இந்த வித்தை அங்கே ஏன் எடுபட்டது? ராத்திரி இரண்டு மணிக்கு ஐந்நூறு பேர் வேர்க்க விறுவிறுக்க ஆடிக்கொண்டிருக்கிறார்கள். தாளம் அறுந்தால் ஒவ்வொருவருக்கும் தாகம் எடுப்பதும், கால் வலிப்பதும், நாளைக்கு ஆபீஸ் இருப்பதும் ஒரே நேரத்தில் ஞாபகம் வரும். மிக்ஸிங் அந்த ஞாபகத்தை வரவிடாமல் பார்த்துக்கொள்கிறது. தளத்தில் கூட்டம் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தால் அது உயிர்நாடி. யாருமே எழுந்திருக்காத இடத்தில் எத்தனை நுணுக்கமாக இணைத்தாலும் அதைக் கேட்க இருப்பது சவுண்ட் சர்வீஸ் பையன் மட்டுமே.

இதற்கு நேர் எதிர்க் கட்சி டேவிட் மன்குசோ. 1970 பிப்ரவரி 14-ல் பிராட்வேயில் தான் வசித்த மாடியிலேயே விருந்து வைக்க ஆரம்பித்தார். அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி, பலூன், பழம், பழரசம். சாராய விற்பனை கிடையாது. வர்ணனையை மட்டும் கேட்டால் எல்.கே.ஜி. பிறந்தநாள் விழா என்றுதான் தோன்றும். விடிய விடிய ஆடினார்கள். ஸ்பீக்கருக்கும் முள்ளுக்கும் காசைத் தண்ணீராகச் செலவழித்த மன்குசோ, எண்பதுகளில் பாட்டுகளை இணைக்கும் மிக்ஸரையே கழற்றி வைத்துவிட்டார். பாடியவர் பாடியதை நடுவில் புகுந்து திருத்த நான் யார் என்பது அவர் கட்சி. ஒரு பாட்டு முதலிலிருந்து கடைசிவரை முழுசாக ஓடும். முடிந்ததும் மௌனம். ஆடியவர்கள் கைதட்டுவார்கள். பிறகு அடுத்த பாட்டு. ரெஜின் கஷ்டப்பட்டு அடைத்த ஓட்டையை இவர் வேண்டுமென்றே திறந்து வைத்தார், மற்ற டி.ஜே.க்கள் கையில் நோட்டுப் புத்தகம் இல்லாத குறையாக வந்து கற்றுக்கொண்டு போனார்கள்.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் அப்போது வேறு கதை. கிங்ஸ்டனிலிருந்து குடிவந்த குடும்பத்துப் பிள்ளை கிளைவ் கேம்ப்பெல், பட்டப்பெயர் கூல் ஹெர்க். பள்ளி திறக்கும் நேரம், தங்கை சிண்டிக்குப் புதுத்துணி வாங்கக் காசு வேண்டும். 1973 ஆகஸ்ட் 11, செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் அடுக்ககத்தின் பொழுதுபோக்குக் கூடத்தில் பார்ட்டி. பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50. உலகத்தையே ஆட்டிவைத்த ஹிப் ஹாப் இந்தத் துணிக்கடை பட்ஜெட்டில் பிறந்தது. ஹெர்க் கவனித்தது ஒன்றைத்தான்: பாட்டில் பாடகரும் மற்ற வாத்தியங்களும் அடங்கி டிரம்ஸ் மட்டும் தனியாக வெளுத்து வாங்கும் சில நொடிகளுக்காகத்தான் பசங்கள் காத்திருக்கிறார்கள். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வாங்கி, அந்த இடத்தை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டினார். முள்ளை ஒரு குத்துமதிப்பாக வைப்பார். அடி தப்பும், தாளம் இடிக்கும். ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை. நம் கல்யாணங்களில் தாலி எடுத்ததும் நாதஸ்வரக்காரர் தோடியை அந்தரத்தில் விட்டுவிட்டுக் கெட்டிமேளத்துக்குத் தாவுகிறாரே, இணைப்பு சரியில்லை என்று எந்தச் சம்பந்தி கோபித்துக்கொண்டார்? அப்பா சொல்லிக்கொடுத்தபடி ஹெர்க் தட்டுகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு லேபிளை உரித்துவிடுவார் என்பது கூடுதல் தகவல். காக்ஸன் டாட்டின் மனம் குளிர்ந்திருக்கும்.

ஹெர்க்கின் தாளம் இடிப்பதைப் பொறுக்கமாட்டாத ஒருவன் அந்தக் கூட்டத்தில் இருந்தான். ஜோசஃப் சாட்லர், தொழிற்கல்விப் பள்ளியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன், பிற்காலத்தில் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஆராய்ச்சியில் இறங்கினான். தட்டின் மேல் கிரேயானால் கோடு போட்டு, கோடு எத்தனை சுற்று பின்னால் போனால் டிரம்ஸ் ஆரம்பிக்கிறது என்று கணக்கு வைத்தான். தட்டு வழுக்கிக்கொண்டு சுழல ஒரு ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டி, கஞ்சி போட்டு விறைக்க வைத்தான். எல்லாம் அப்பழுக்கில்லாமல் கைவந்ததும் ஊரைக் கூட்டிச் செய்து காட்டினான். ஒரு இழை பிசகவில்லை. ஊர் என்ன செய்தது? ஆடுவதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றது. வீட்டுக்குப் போய் அழுததாக ஃபிளாஷே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் கண்டுபிடித்த பரிகாரம் கிங்ஸ்டனில் ஏற்கெனவே இருந்ததுதான்: மைக் பிடித்துப் பேச ஆள் வைத்தார். கவ்பாய் என்ற நண்பர் “கையைத் தூக்கு” என்று கூவினார், கூட்டத்துக்கு உயிர் வந்தது. வித்தை பார்க்கவே டிக்கெட் வாங்கி வருகிற போட்டிகள் பிற்பாடு வந்தன. அங்கே யாராவது ஆடினால்தான் இடைஞ்சல்.

ஃபிளாஷின் கூட்டாளிக்கு தியோடர் என்று ஒரு பொடியன் தம்பி. சத்தம் தாங்காமல் அம்மா வந்து திட்ட, அவன் ஓடுகிற தட்டைக் கையால் பிடித்துக்கொண்டு, திட்டு முடியும்வரை முன்னும் பின்னும் அசைத்தான். ‘ஸ்கிராட்ச்’ பிறந்தது. 1977 ஜூலை 13 அன்று நியூயார்க் முழுக்க மின்சாரம் போனது, கடைகள் சூறையாடப்பட்டன. மறுநாள் பிராங்க்ஸில் திடீரென்று நிறைய டி.ஜே. குழுக்கள் தோன்றின என்று அந்தக் காலத்து ஆட்களே சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். நல்ல மிக்ஸர் யார் வீட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்பது நாகரிகமில்லை.

நியூயார்க்கின் கிங் தெருவில் வாகனக் கொட்டகையாக இருந்த ‘பாரடைஸ் கராஜ்’ விடுதியின் லாரி லெவன் இத்தனைக்கும் அப்பாற்பட்டவர். பிடித்த பாட்டை ஒரே ராத்திரியில் திரும்பத் திரும்பப் போடுவார். கூரையில் தொங்கும் கண்ணாடி உருண்டையில் தூசி தெரிந்தால் பாட்டை விட்டுவிட்டு ஏணியில் ஏறித் துடைக்கப் போய்விடுவார். தட்டு தீர்ந்துபோகும். கூட்டம் காத்திருக்கும். இறங்கி வந்து அவர் போடும் அடுத்த பாட்டுக்குக் கூரை அதிரும். மற்ற டி.ஜே. யாராவது இதைச் செய்திருந்தால் ஏணியைப் பிடுங்கியிருப்பார்கள்.

இன்றைக்குக் கணினியில் ‘சிங்க்’ பொத்தானைத் தட்டினால் கிராசோ விரலில் வைத்திருந்த வித்தை நொடியில் நடந்துவிடுகிறது. டி.ஜே.க்களுக்குக் கை சும்மா இருக்கிறது, அதனால்தான் மேலே தூக்கிக் காட்டுகிறார்கள். ஆனால் நம்மூர் ரிசப்ஷனில் அந்தப் பொத்தானும் திணறும். இளையராஜா பாட்டில் முன்னிசை ஒரு நடை, பல்லவி ஒரு நடை, இடையிசை எங்கேயோ போய்விட்டு வரும். தாளம் பொருந்துகிறதே என்று முன்னிசையை வெட்டினால் நாற்பது வயது தாண்டியவர்கள் மேடைக்கே வந்துவிடுவார்கள். அங்கே தேவைப்படுகிற திறமை வேறு: பந்தி எப்போது முடியும், சித்தப்பா கூட்டம் எந்தப் பாட்டுக்கு எழுந்து வரும், மணமகளின் தோழிகள் எந்தப் பாட்டுக்கு உட்கார்ந்துவிடுவார்கள் என்று முகம் பார்த்துத் தெரிந்துகொள்வது. அதோடு, எல்லாம் கூடிவந்து தளம் நிரம்பியிருக்கும் நேரம் பார்த்து மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு பென் டிரைவை நீட்டுவார். சாத்தான் படத்துக்குக் கீழே நின்று வேலை பார்த்த கிராசோவுக்கே வராத சோதனை அது.