கையுறைத் தேர்வு நெறி: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

குளிரில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் எந்தக் கையுறையைப் போட வேண்டும் என்று சின்னமனூரில் பால் ஊற்றுகிறவரைக் கேட்டால், ஒரே மூச்சில் பதில் சொல்லிவிட்டு அடுத்த வீட்டு மணியை அடிப்பார். ஒரே மூச்சில் சொல்லக்கூடியது ஆய்வாகாது. ஆகவே இக்கட்டுரை தேவைப்பட்டது.

ஆய்வு எல்லை

இடம்: லோயர் கேம்ப் முதல் தேனி வரை, மேற்கே கம்பம்மெட்டும் போடிமெட்டும், கிழக்கே மேகமலையும். காலம்: கார்த்திகை முதல் மாசி வரை. ஆடிக் காற்று விலக்கப்பட்டுள்ளது. அது வண்டியையே தள்ளிவிடும் என்பதால் விவகாரம் விரல்வரை வருவதில்லை. தேனி மாவட்டம் மதுரையிலிருந்து 1996இல் பிரிக்கப்பட்டது. அதற்கு முன் இங்கே அடித்த குளிர் மதுரை மாவட்டக் குளிராகவே கொள்ளப்படும்.

முன்னாய்வுகள்

உள்ளன. படிக்கவில்லை, மேற்கோள் மட்டும் காட்டியிருக்கிறோம்.

திணையும் பொழுதும்

தமிழில் எந்த ஆய்வும் தொல்காப்பியத்தைத் தொடாமல் நகரக் கூடாது என்பதால் தொடுகிறோம். குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். மருதத்துக்கு வைகறையும் விடியலும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளையும் 14,707 ஏக்கர் மருதத்திலிருந்து, வைகறையில் எக்ஸ்எல்லைக் கிளப்பி ஒருவர் மேற்கே ஏறுகிறார். வயல் முடிகிறது, மலை தொடங்குகிறது, விரல் மரத்துப்போகிறது. இது திணை மயக்கம். மயக்கம் எந்தக் கொண்டை ஊசி வளைவில் நிகழ்கிறது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. போடிமெட்டுச் சாலையில் 17 வளைவுகள் இருப்பதால் 17 கருத்துகளுக்கு இடமிருக்கிறது. மேகமலைச் சாலையின் 18 வளைவுகளுக்கும் பூக்களின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அங்கே குளிர் எத்தனையாவது வளைவில் பிடித்தது என்று யாரும் சொல்வதில்லை, எந்தப் பூவில் பிடித்தது என்றே சொல்லலாம். இலக்கியம் வாழ்வோடு இணையும் அரிய இடம் இது. பதவி உயர்வுக்கு இதுவே போதும்.

கையுறையே வேண்டாம் என்கிற இளவட்டங்களுக்கும் சங்கச் சான்று தரலாம். அகப்பாடல்களில் ‘கையுறை மறுத்தல்’ என்றொரு துறையே இருக்கிறது. அங்கே மறுப்பவள் தோழி, அவள் மறுப்பது தலைவன் காணிக்கையாகக் கொண்டுவந்த தழை. அதனால் என்ன? கருத்தரங்கில் இதை வாசித்தால் சான்றிதழ் கொடுக்காமலா அனுப்பிவிடுவார்கள்?

குளிரை அளத்தல்

ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏற்றம் ஆயிரம் மீட்டருக்கு மேல். அடிவாரத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கிளம்பியவர் மேலே போய் இறங்கும்போது பித்தானைத் தேடுவதற்குக் காரணம் இதுதான்.

வண்டி ஓடும்போது காற்றுக்குளிரும் சேர்ந்துகொள்கிறது. சைப்பிள், பாசல் என்ற இரு அமெரிக்கர்கள் அண்டார்க்டிகாவில் ஒரு பிளாஸ்டிக் உருளையில் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்த்து, 1945இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் கணக்கை 2001இல் திருத்தினார்கள். திருத்தும்போது தன்னார்வலர்களைக் காற்றுச் சுரங்கத்தில் நடக்கவிட்டு அளந்தது கையை அல்ல, முகத்தை. திருத்திய சூத்திரப்படி 10 டிகிரியில் மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது ஐந்தரை டிகிரிபோல இருக்கும். 10 டிகிரிக்கு மேல் சூத்திரம் செல்லாது. போடிமெட்டில் காலை 12 டிகிரி என்றால், அறிவியல்படி அங்கே காற்றுக்குளிர் என்று ஒன்று கிடையாது. விரலுக்குத்தான் இது இன்னும் தெரிவிக்கப்படவில்லை.

சபரிமலை சீசனில் வேன்களைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்குவார்கள். வேன்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவரின் வேகம் குறையும், காற்று குறையும், விரல் தப்பிக்கும். இது அருளா இயற்பியலா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே.

விரலியல்

உடம்பு சிக்கனக்காரன். குளிர் வந்ததும் விரல்களின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, சூட்டை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் ஒதுக்கிவிடும். பனிக்கட்டித் தண்ணீரில் விரலை முக்கிவைத்தால், சில நிமிடம் கழித்து அது தானே கொஞ்சம் சூடேறி, மறுபடி குளிர்ந்து, மறுபடி சூடேறும் என்று தாமஸ் லூயிஸ் 1930இல் கண்டார். விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. எனவே சட்டைக் கைக்கும் கையுறைக்கும் நடுவே மணிக்கட்டில் ஒரு விரற்கடை திறந்திருந்தால், விரலை மட்டும் மூடி என்ன பயன்? இக்கட்டுரையில் உருப்படியான செய்தி இது ஒன்றுதான். அவசரத்தில் இருப்பவர்கள் இத்துடன் கிளம்பலாம்.

வகையும் தொகையும்

கம்பளி: காற்று உள்ளே வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும்.

தோல்: நனையும்வரை நல்லது.

முழங்கைவரை வரும் பருத்தி உறை: வெயிலுக்கானது.

ஐரோப்பியத் தர எண் பெற்றது: இஎன் 13594 என்ற எண்ணை உள்பட்டையில் அச்சடித்திருப்பார்கள். விழும்போது தோல் உரியாமல் இருக்க அது. குளிருக்கு இஎன் 511 என்று தனி எண். விழுந்தால் ஒன்று, நடுங்கினால் வேறொன்று. நடுங்கிக்கொண்டே விழுபவரைப் பற்றி ஐரோப்பா என்ன நினைக்கிறது என்பது தனி ஆய்வுக்குரியது.

அகப்பையும் புறப்பையும்

இனி ஆய்வின் மையத்துக்கு வருகிறோம். அது பாலிதீன் பை.

கம்பளிக் கையுறையைப் போட்டு, அதன்மேல் கேரி பேக்கை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போடுவோர் புறப்பையார். முதலில் பையை மாட்டி, மேலே கையுறை போடுவோர் அகப்பையார். இரு மரபுக்கும் நடக்கும் வழக்கு நெடியது, தீர்ப்பு வராதது.

கம்பளி தானாகச் சூடு தருவதில்லை, அதன் இழைகளுக்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான் தருகிறது, அந்தக் காற்றை வெளிக்காற்று கலைத்துவிடாமல் பை காக்கிறது என்பது புறப்பையார் வாதம் (முந்தல் டீக்கடை, வடக்கு பெஞ்சு). வாதத்தில் பிழை இல்லை. ஆனால் பை வழுக்கும். பிரேக்கைப் பிடிக்கும் இரண்டு விரல் ஒன்றாகச் சறுக்கும்போது, முன்னால் போகிற ஏலக்காய் ஜீப் தத்துவத்தை எல்லாம் மாற்றிவிடும். நாற்பதில் போகும்போது பை அடிக்கும் படபடப்பில் கிராமத்து நாய்கள் துரத்தும் என்பது அகப்பையாரின் கூடுதல் கண்டனம் (உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்ட், ஒலிப்பதிவு இல்லை, கை அசைவு மட்டும்).

அகப்பையார் கொள்கை நுட்பமானது. உள்ளங்கை வியர்வை கம்பளியை நனைத்தால் கம்பளி கெட்டது, பை நடுவில் நின்று அதைத் தடுக்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் அரை மணி நேரத்தில் விரல்கள் ஊறவைத்த கொண்டைக்கடலை ஆகிவிடும். அத்துடன் மேலே இருக்கும் கம்பளிக்குள் காற்று முன்போலவே புகும் (லோயர் கேம்ப் பேக்கரி, இரண்டாம் கிளாஸ், அடி வண்டல், திருத்திய மறுபதிப்பு. முதல் பதிப்பில் சர்க்கரை விடுபட்டிருந்தது).

இரண்டு கையுறைகளுக்கு நடுவில் பையை வைக்கும் இடைப்பையார் என்றொரு மரபும் தோன்றியது. அதற்கு இரண்டு ஜோடி கையுறை வேண்டும் என்பதால், ஏலத்தோட்ட முதலாளிகளின் சித்தாந்தம் என்று தொடக்கத்திலேயே நிராகரிக்கப்பட்டது (வாய்மொழி, சொன்னவர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று, கேட்காமலே, இருமுறை வற்புறுத்தினார், அடுத்த பெஞ்சில் இருந்தவர் மறுத்தார், கடைக்காரர் இருவரையும் மறுத்துப் பாக்கியைக் கேட்டார்).

இந்நிலையில் 2019 ஜனவரி 1 அன்று ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. இரு மரபுக்கும் ஒரே நாளில் மூலபாடம் போயிற்று. பழைய பைகளைப் பரணில் இருந்து எடுத்துத் தடிமன், கைப்பிடி வடிவம், மங்கிப்போன ஜவுளிக்கடைப் பெயர் இவற்றைக் கொண்டு காலக்கணிப்பு செய்யும் துணைத்துறை அப்போது பிறந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்ததும் மஞ்சப்பையார் எழுந்தார்கள். துணிப்பையில் காற்று தாராளமாகப் புகும். ஆனாலும் திரும்பி வரும்போது சந்தையில் கத்திரிக்காய் வாங்கிவரலாம் என்பது அவர்கள் தரப்பு. பால் பாக்கெட்டுக்குத் தடை இல்லை என்ற நுணுக்கத்தைக் கண்டுபிடித்தவர்கள் தனி மரபு. அரை லிட்டர் கவரில் நான்கு விரல் போகும். கட்டைவிரலின் நிலை குறித்து அவர்கள் இதுவரை மௌனம் காக்கிறார்கள்.

எந்த மரபைச் சேர்ந்தவரும் கடையில் கையுறையை வாங்கும்போது செய்யும் காரியம் ஒன்று உண்டு. கையை நீட்டிப் பார்ப்பார், விரலை விரித்துப் பார்ப்பார், பக்கத்திலிருப்பவரிடம் காட்டுவார். நீட்டிய கையால் யாரும் வண்டி ஓட்டுவதில்லை. மடக்கிப் பார்க்க வேண்டும். முடிந்தால் வாசலில் நிற்கும் வண்டியின் பிரேக்கையும் கிளட்சையும் பிடித்துப் பார்க்க வேண்டும். மடக்கும்போது விரல்நுனி தைத்த இடத்தில் முட்டினால், உள்ளே நிற்க வேண்டிய காற்றுக்கும் இடமில்லை, ரத்தத்துக்கும் வழியில்லை. அதற்காக மெத்தைபோல் தடித்ததை வாங்கினால் கைப்பிடியைச் சுற்றி விரல் சேராது.

பால்காரரின் கூற்றை இங்கே பின்னிணைப்பாகத் தருகிறோம்: “காத்து உள்ள வரக் கூடாது, பிரேக்கு பிடிக்க வரணும், ஒரு சைஸ் பெருசா வாங்குங்க, மணிக்கட்டையும் மூடணும், அம்புட்டுத்தேன்.” இதில் கருதுகோள் இல்லை, ஆய்வு நெறிமுறை இல்லை, நெறியாளர் ஒப்புதல் இல்லை. வாய்மொழித் தேர்வன்று புறத்தேர்வாளருக்கு பிரியாணி வாங்கித் தந்தது யார் என்ற விவரமும் இல்லை. எனவே ஏற்பதற்கில்லை.

மேலாய்வுக்குரிய களம்

வளைவில் திரும்பும்போது சட்டைப்பையில் போன் அடித்தால் முதலில் கழற்ற வேண்டியது வலது உறையா, இடது உறையா? கழற்றியதைப் பல்லில் கடித்துக்கொண்டு “வந்துட்டே இருக்கேன்” என்று சொல்லும்போது எந்த எழுத்துகள் கெடுகின்றன? இத்தலைப்பில் முனைவர் பட்டத்துக்கு ஒரு மாணவர் பதிவு செய்துவிட்டார். உதவித்தொகையும் கேட்டிருக்கிறார். அவரிடம் கார் இருக்கிறது.