செருப்புக் கவ்வல் மரபு: ஒரு பன்முக நோக்கு

வீட்டு நாயின் வாழ்வியலைத் தமிழறிஞர்கள் உரிய முறையில் கவனிக்கவில்லை என்பது வருந்தத்தக்கது. தொல்காப்பியர் மரபியலில் நாய்க்குட்டிக்குக் குருளை என்று பெயர் சொல்லிவிட்டு அடுத்த விலங்குக்குப் போய்விட்டார். அந்தக் குருளை வளர்ந்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் சோபாவில் ஏறிப் படுத்து, இறங்கு என்று அதட்டினால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்ளும் நிலை பற்றி மூலத்தில் ஒன்றுமில்லை. உரைகாரர்களும் வாய் திறக்கவில்லை. இவ்விடைவெளியை நிரப்புவது இக்கட்டுரையின் முதல் நோக்கம். பதவி உயர்வுக்கான மதிப்பெண் இரண்டாவது.

ஆய்வுப் பொருள் எங்கள் வீட்டு மணி. தந்தை வழி சிப்பிப்பாறை, தாய் வழி தெரு என்பது கொண்டுவந்து கொடுத்தவர் கூற்று. காதைப் பார்த்தவர்கள் இரண்டு வழியும் தெருவே என்பர்.

வாலாட்டலை விரைந்து முடித்துவிடலாம். உரியவரைக் கண்டால் வால் வலப்பக்கம் அதிகம் சாயும், மிரட்டும் வேற்று நாயைக் கண்டால் இடப்பக்கம் சாயும் என்று 2007-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். மணிக்கு வாலோடு இடுப்பும், இடுப்போடு டீப்பாய் மேலிருக்கும் காபி டம்ளரும் சேர்ந்து ஆடுவதால் பக்கம் பிரிக்க இயலவில்லை.

குரைத்தல்: கூரியர்காரருக்கு உண்டு. திருடன் இதுவரை வராததால் தரவு இல்லை.

இனி, செருப்பு.

வாசலில் எத்தனை ஜோடி கிடந்தாலும் மணி ஒற்றைச் செருப்பைத்தான் கவ்வும். ஜோடியாக எடுத்ததாக அகச்சான்றும் இல்லை, புறச்சான்றும் இல்லை. எந்தக் கால் என்பதில்தான் அறிஞரிடையே பிளவு. இடக்காலே என்பது இடங்கலையார் கொள்கை (அத்தை, அடுக்களை, வாய்மொழி). வலங்கலையார் இதை மறுத்து, பல் பதிந்த ஹவாய் செருப்பின் வலக்கால் வாரைத் தூக்கிக் காட்டுவர் (தம்பி, மாடிப்படி, ஆபீசுக்குக் கிளம்பும்போது, உரத்த குரலில்). இரு சாராரும் சில நாளாகப் பேசிக்கொள்வதில்லை. கால் கணக்கே தவறு, விலை கூடியது எதுவோ அதைத்தான் எடுக்கும் என்பது மூன்றாம் தரப்பு (எதிர்வீட்டுப் பாட்டி, திண்ணை உரைகள், பின்னிணைப்பு, கேட்டு எழுதியவர் பேத்தி, நடுவில் பால்காரர் வந்துவிட்டதால் சில வரிகள் சிதைந்துள்ளன, பாட பேதங்களுக்குப் பால்காரரைக் காண்க).

கால ஆராய்ச்சிக்கு வருவோம். விடுமுறை நாளில் எல்லாச் செருப்பும் போட்டது போட்டபடி கிடக்கும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட நாளில் ஒன்று காணாமல் போகும். மணிக்குப் பஸ் அட்டவணை தெரியும் என்று கொள்வதா, செருப்பு காணாமல் போவதால்தான் நேரமாகிறது என்று கொள்வதா என்பது மேலாய்வுக்குரியது. காலின் வியர்வை வாசனை செருப்பில் ஊறியிருக்கும், வீட்டு மனிதர்களின் வாசனை நாய்க்குப் பிடிக்கும், அவ்வளவுதான் சார் என்றார் கால்நடை மருத்துவர். ஒரே வரியில் முடிந்துவிடும் விளக்கம் ஆய்வுக்கட்டுரைக்கு உதவாது என்பதால் அது தள்ளப்பட்டது.

கண்டெடுத்த இடங்களும் கருதத்தக்கவை. சோபாவின் இருக்கைக்கும் சாய்மானத்துக்கும் நடுவே கிடைத்த குழந்தைச் செருப்பு இடைச்செருகல் என்று ஒதுக்கப்பட்டது. துளசி மாடத்துக்குப் பின்னால் தோண்டியதில் மேலடுக்கில் வார் அறுந்த செருப்பும், அதன்கீழ் ஒரு ரஸ்க் துண்டும், அதற்கும் கீழ் போன தீபாவளிக்கு வாங்கிய செருப்பும் கிடைத்தன. அறிக்கையை அத்தையிடம் சமர்ப்பித்தேன். காலத்தைத் திருத்தி எழுதிக்கொண்டு வா என்று திருப்பிவிட்டார்.

பிடிபட்டதும் மணி காட்டும் முகம் தனி. காது பின்னால் ஒட்டிக்கொள்ளும், கண் சுவரைப் பார்க்கும், ஒரு முன்னங்கால் தானாகத் தூக்கும். இது குற்ற உணர்வன்று, திட்டுக்கு எதிர்வினைதான், தப்பே செய்யாத நாயும் திட்டினால் இப்படித்தான் விழிக்கும் என்று அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் சோதித்துக் காட்டினார். இதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அன்று செருப்பை எடுத்திராத என்னைத் திட்டினார். என் முகமும் அப்படித்தான் போனதாம். முடிவு உறுதிப்பட்டது.

நான் மிகைப்படுத்துவதாக எண்ணுவோர் 2013-ஆம் ஆண்டு வெளியான செக், ஜெர்மானிய ஆய்வைப் பார்க்கவும். 37 இனங்களைச் சேர்ந்த 70 நாய்களின் பின்னால் இரண்டாண்டு நடந்து, அவை 1,893 முறை மலம் கழித்ததையும் 5,582 முறை சிறுநீர் கழித்ததையும் திசை குறித்துப் பதிந்திருக்கிறார்கள். பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும்போது நாய்கள் வடக்கு தெற்காக நின்றே காரியத்தை முடிக்கின்றன என்பது முடிவு. 2014-இல் இக் நோபல் பரிசும் கிடைத்தது. என்னிடம் இருந்தது ஒரு நாயும் கைப்பேசித் திசைகாட்டியும்தான். மணி இம்மியும் பிசகாமல் வடக்கு பார்த்தது. வடக்கே இருப்பது பக்கத்து வீட்டு கேட். காந்தப்புலம் அமைதியாக இருந்தது, கேட்டுக்கு உரியவர் இல்லை (பக்கத்து வீட்டுக்காரர், மதில்மேல் உரை, காலை, முற்பகுதி அச்சிடத் தக்கதன்று, நடுப்பகுதி என் பரம்பரையைப் பற்றியது, மேற்கோள் காட்டுமிடத்துப் பொதுமைப்படுத்திக்கொள்க, பிற்பகுதி, அவர் மனைவி கையைப் பிடித்து உள்ளே இழுத்துச் சென்றுவிட்டதால் கிடைக்கவில்லை).

குளியல் தனி நூலாக விரியக்கூடியது. ஒன்றை மட்டும் இங்கே தொடுகிறேன். பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் மணி கட்டிலுக்கடியில் தலையை நுழைத்துக்கொள்ளும். இடுப்பும் வாலும் முழுசாக வெளியே தெரியும். தலை மறைந்தால் ஆளே மறைந்ததாகும் என்னும் இக்கொள்கை நம் முனைவர் பட்ட ஆய்வேடுகளில் நெடுங்காலமாகப் பயின்று வருவது: தலைப்பை மட்டும் மாற்றிவிட்டு, அடுத்தவர் உடலை அப்படியே விட்டுவைப்பார்கள். வேறுபாடு ஒன்றே. மணியைக் காலைப் பிடித்து இழுத்தால் வெளியே வந்துவிடும்.