மூடிய கடைக்கு ஏறிய வாடகை

பெறுநர்: ஜிஎஸ்டி கவுன்சில், புதுதில்லி

பொருள்: தடை செய்த ஆட்டத்துக்கு வரி கட்ட வழி கோருதல்

மாண்புமிகு உறுப்பினர்களே,

பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை அடியோடு தடை செய்யும் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். சரியாக ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 22 முதல், அதே ஆட்டங்களுக்கான வரியை 28 சதவீதத்திலிருந்து 40 ஆக்கினீர்கள். மூடிய கடைக்கு வாடகை ஏற்றிய முதல் வீட்டுக்காரர் நீங்கள்தான்.

எனக்கு வருத்தமில்லை. நம் பழக்கம் பழையது. 2023 அக்டோபர் முதல் நான் ரம்மி ஆட்டத்தில் போடும் பணம் முழுவதற்கும் 28 சதவீதம் கேட்டீர்கள். தப்பித்தவறி ஜெயித்தால், வருமான வரிக்காரர் 30 சதவீதம் பிடித்தார். எனக்கு ஜோக்கர் வந்ததோ இல்லையோ, சீட்டையே தொடாமல் எல்லா ஆட்டத்திலும் டிக்ளேர் செய்தது அரசாங்கம்தான்.

ரம்மி திறமை ஆட்டம் என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை நம்பி உட்கார்ந்தவன் நான். தமிழ்நாடு இரண்டு முறை சட்டம் போட்டுத் தடுக்கப் பார்த்தது. 2021-இலும் 2023-இலும் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியைக் காப்பாற்றிக் கொடுத்தது. கடைசியில், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்று 2025-இல் மாநிலத்தில் விதி வந்தது. (கட்டுப்பட்டேன். என் சம்பளம் 5 மணி 1 நிமிடத்துக்குப் போனது.)

இப்போது திறமையும் குற்றம். அதிர்ஷ்டம்? அதற்கு 40 சதவீதம் கட்டினால் போதும். உங்கள் மேசையிலேயே கேரளம் உட்கார்ந்திருக்கிறது; அங்கே 1967 முதல் அரசே லாட்டரிச் சீட்டு விற்கிறது. வாளையாறுக்கு அந்தப் பக்கம் அது மாநில வருவாய். இந்தப் பக்கம், கோவையில் விற்றால், 2003 முதல் போலீஸ் கேஸ். மூளையைக் கசக்கி ஆடுகிறவனைவிட, கண்ணை மூடிக்கொண்டு சீட்டு வாங்குகிறவன் நல்ல குடிமகன் என்று எடுத்துக்கொள்கிறேன்.

என் சிக்கல் வேறு. வரி இருக்கிறது, கட்ட இடமில்லை. டெலிகிராமில் ஒருவர் வெளிநாட்டு ஆப் ஒன்றின் லிங்க் அனுப்பினார். அக்கறையாகப் பேசினார், போனஸ் தருவதாகவும் சொன்னார். 40 சதவீதம் போட்டு ஜிஎஸ்டி பில் கேட்டேன். பிளாக் செய்துவிட்டார். அவரிடம் தாங்கள் ஒரு வார்த்தை பேச முடியுமா?

இப்படிக்கு,
தங்கள் நிரந்தர வாடிக்கையாளன்