கேரியர் எங்கே மாப்பிள்ளை?

என் மாப்பிள்ளை வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர் முன்னால் அடக்கமாக உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால், தோலோடு தோலாக ஒட்டிய ஏதோ ஒன்றை மாட்டிக்கொண்டு அறுபது மைல் சைக்கிள் மிதித்துவிட்டு வருவார். எங்கே போனீர்கள் என்றால் "எங்கேயும் இல்ல மாமா, சும்மா" என்பார். எங்கள் ஊரில் அறுபது மைல் மிதித்தவன் ஒரு சாவுச் சேதியாவது சொல்லிவிட்டுத் திரும்பியிருப்பான்.

2016 ஏப்ரலில் நானும் என் மனைவியும் பிரிஸ்டலில் மகள் வீட்டில் இருந்தோம். சித்திரை பிறந்த அந்த வாரத்துச் சனிக்கிழமை, "கையால செய்யற சைக்கிளுக்கு ஒரு கண்காட்சி நடக்குது, வர்றீங்களா மாமா?" என்றார். கையால் செய்தது என்றதும் கைத்தறிக் கண்காட்சி ஞாபகம் வந்தது. கடைசியில் தள்ளுபடி விலையில் ஒரு துண்டாவது தேறும் என்று கிளம்பிவிட்டேன்.

கண்காட்சிக்குப் பெயர் 'பிஸ்போக்டு'. அளவு கொடுத்துத் தைக்கும் கோட்டுக்கு அவர்கள் பிஸ்போக் என்கிறார்கள். ஸ்போக் என்றால் நம்முடைய போக்ஸ் கம்பி. இரண்டையும் முடிச்சுப் போட்ட சிலேடை. காளமேகப் புலவர் சிரித்திருக்க மாட்டார். நான் மாப்பிள்ளைக்காகச் சிரித்தேன். நடந்த இடம், 1840 வாக்கில் புரூனெல் என்ற எஞ்சினியர் கட்டிய பழைய ரயில் நிலையம். லண்டனிலிருந்து பிரிஸ்டல் வரை ஏழடி அகலத்துக்குத் தண்டவாளம் போட்ட மனிதர். ரயில்களெல்லாம் பக்கத்துக் கட்டடத்துக்குக் குடிபோய்விட்டன. ரயில் நின்ற இடத்தில் இப்போது சைக்கிள் நின்றது.

எதன் மேல் நின்றது என்பதுதான் என் சந்தேகம். குனிந்து பார்த்தேன். ஸ்டாண்டு இல்லை. மட்கார்டு இல்லை. செயின் கார்டு, பெல், டைனமோ எதுவும் இல்லை. சிலதில் பெடலே இல்லை. அது அவரவர் விருப்பம், தனியாக வாங்கிக்கொள்ள வேண்டுமாம். ஒன்றில் பிரேக்கும் இல்லை. பந்தயத் தடத்தில் ஓட்டுகிற ஜாதி, காலாலேயே எதிர்த்து மிதித்து வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றார் மாப்பிள்ளை. விலைச் சீட்டைத் திருப்பினேன். ஐயாயிரம் பவுண்டு. அப்போது பவுண்டு சுமார் 95 ரூபாய். ஆக நாலே முக்கால் லட்சம். சாமான் குறையக் குறைய விலை ஏறுகிற வியாபாரத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"கேரியர் எங்கே மாப்பிள்ளை?" என்றேன்.

"மாமா, மெதுவா."

வந்திருந்த கூட்டத்தைப் பார்க்க எனக்கு மணப்பாறை மாட்டுச் சந்தை நினைவுக்கு வந்தது. யாரும் நேராக நின்று சைக்கிளைப் பார்ப்பதில்லை. மண்டியிட்டு, தலையைச் சாய்த்து, அடிவயிற்றைப் பார்க்கிறார்கள். சந்தையில் சுழி பார்ப்பது போல இங்கே ஒட்டுப் பார்க்கிறார்கள். குழாயும் குழாயும் சேருகிற மூட்டில் விரலை ஓட்டி, கண்ணை மூடி, ம்ம் என்கிறார்கள். துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்துப் பேரம் பேசாததுதான் பாக்கி. துண்டுதான் யாரிடமும் இல்லையே.

அந்த ஒட்டு விஷயம் மட்டும் எனக்கு உடனே பிடிபட்டது. மூட்டைச் சூடேற்றி, அழுக்கும் துருவும் பிடிக்காமலிருக்க ஒரு பொடிக் குழம்பைத் தடவி, வெள்ளி கலந்த பற்றை உருக்கி இடுக்குக்குள் ஓடவிடுகிறார்கள். கும்பகோணத்தில் எங்கள் தெரு ஆசாரி மூக்குத்திக்குப் பொடிவைத்து ஊதுவாரே, அதே வேலை. ஆசாரி ஊதும்போது ஊர் வம்பும் பேசுவார். இவர்கள் பேசுவதில்லை.

ஒருவர் தன் சைக்கிளைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். தாடிக்காரர். அங்கே முக்கால்வாசிப் பேர் தாடிக்காரர்கள்தான். எனக்குத் தூக்கிப் பழக்கம் உண்டு. அப்பாவின் ராலி இருபது கிலோவுக்குக் குறையாது. திண்ணையில் ஏற்றுவதற்கு முன் தம் கட்ட வேண்டும். அதே பழக்கத்தில் தம் கட்டி ஓர் இழுப்பு இழுத்தேன். இது எட்டே கிலோ. பிடித்த பிடியில் தலைக்கு மேலே போய்விட்டது. மாப்பிள்ளை ஒரு பக்கம் தாவ, தாடிக்காரர் மறுபக்கம் தாவ, நாலே முக்கால் லட்சம் ஒரு வினாடி அந்தரத்தில் நின்று இறங்கியது.

"வெயிட்டே இல்லை" என்றேன். பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அடுத்ததில் பெயின்ட் கிடையாது. இரும்பை வேண்டுமென்றே துருப்பிடிக்க விட்டு, அதன் மேல் வார்னிஷ் போல் ஒன்றைப் பூசியிருந்தார்கள். எங்கள் வீட்டுக் கொல்லையில் கிணற்றடியோரம் இதே மாதிரி ஒன்று இருபது வருஷமாகத் தயாராகிக்கொண்டிருக்கிறது. வார்னிஷ்தான் அடிக்கவில்லை.

ஒரு மூலையில் வெறும் குழாய்களை மட்டும் அடுக்கியிருந்தார்கள். பக்கத்தில் நின்றவர் பொறுமையாகச் சொன்னார். பர்மிங்காம் ரெனால்ட்ஸ் கம்பெனி 1897இல் காப்புரிமை வாங்கிய வித்தை: வெளியே பார்த்தால் ஒரே பருமன், உள்ளே நடுப்பகுதி மெலிந்து, சூடு படுகிற இரண்டு முனைகள் மட்டும் தடித்திருக்கும். மாசம் முதல் தேதியும் முப்பதாம் தேதியும் சம்பளம் வந்தால் எப்படியோ அப்படி. அதே கம்பெனி 1935இல் கொண்டுவந்த 531 என்ற குழாயின் பெயரைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. குலதெய்வத்தின் பெயரை அப்படித்தான் சொல்வார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியிலாவது மாப்பிள்ளை பெருமைப்படட்டும் என்று, எனக்குத் தெரிந்ததை நானும் சொன்னேன். ரெனால்ட்ஸ், 1928இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பர்மிங்காம் குடும்பத்தில் சேர்ந்தது. அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்துதான் 1949இல் முருகப்பா குழுமம் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கி, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் செய்தது. ஆக, இவர் தொட்டுக் கும்பிடுகிற 531உம் என் ஹெர்குலிஸும் பங்காளிகள். தீட்டு உண்டு. அவருக்குத் தீட்டு என்றால் என்ன என்று விளக்க மாப்பிள்ளை மறுத்துவிட்டார்.

தாடிக்காரர் என்னை மறக்கவில்லை. திரும்பும்போது கூப்பிட்டு, அளவு எடுக்கட்டுமா என்றார். காசு இல்லை, சும்மா. ஷூவைக் கழற்றச் சொல்லிச் சுவரோரம் நிறுத்தி, தொடைகளுக்கு நடுவே ரசமட்டத்தைச் செருகினார். எங்கள் கொத்தனார் ஜன்னல் வைக்கும்போதுகூட இவ்வளவு அக்கறையாக ரசமட்டம் பார்த்ததில்லை. கை நீளம், தோள் அகலம், இடுப்பிலிருந்து கழுத்து என்று ஒவ்வொன்றாகச் சீட்டில் எழுதினார்.

ஒன்பது வயதில் என்னை யாரும் அளக்கவில்லை. வாடகை சைக்கிள் கடையில் மணிக்கு நாலணா கொடுத்தால் கிடைப்பது பெரியவர்கள் ஓட்டுகிற உயரம். இவர்கள் இவ்வளவு பக்தியோடு பற்றவைக்கிற அந்த முக்கோணம்தான் எனக்கு வாசல். அதற்குள் வலது காலை நுழைத்து, இடுப்பை ஒடித்து, குரங்கு பெடல் போட்டுப் பெரிய தெருவைக் கடப்பேன். பல்சக்கரம் கடித்த தழும்பு முழங்காலுக்குக் கீழே இன்னும் இருக்கிறது. தாடிக்காரர் அதையும் பார்த்தார். கேட்கவில்லை. ஆனால் சீட்டில் ஏதோ எழுதினார்.

பிறகு, எங்கே ஓட்டுவீர்கள், எவ்வளவு தூரம், என்ன பாரம் என்று கேட்டார். மார்க்கெட், பால் பூத், கேஸ் ஏஜென்சி என்று சொன்னேன். முப்பது கிலோ சிலிண்டர் ஏற்ற முடியுமா என்று மாப்பிள்ளையைக் கேட்கச் சொன்னேன். மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார். முப்பது வருஷம் ஆபீசில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவன், நானே கேட்டுவிட்டேன்.

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிலிண்டரின் சுற்றளவு என்ன என்றார். கட்டிப் பிடித்துக் காட்டினேன். பென்சிலை எடுத்தார். முன்னால் சின்னச் சக்கரம், அதன்மேல் ஃபிரேமோடு சேர்த்த தட்டு, பாரம் தாழ இருந்தால் திரும்பும்போது சாயாது என்று பத்து நிமிஷத்தில் படம் போட்டார். எங்கள் ஊரில் கேஸ் போடுகிற பையன் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கொக்கி போட்டு இரண்டிரண்டாக நாலு சிலிண்டர் கொண்டுபோவான் என்றேன்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "எந்த ஃபிரேம் அதைத் தாங்குகிறது?"

"அம்பத்தூர்" என்றேன்.

என் சைக்கிள் தயாராகப் பதினான்கு மாசம் ஆகும் என்றார். சிலிண்டர் புக் பண்ணினால்கூட அவ்வளவு நாள் ஆகாது. சீட்டை மட்டும் மடித்து வாங்கிக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பி ஒரு மாசம் கழித்து, அந்தச் சீட்டை எங்கள் தெருமுனை சைக்கிள் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் ஒரு சக்கரத்துக்குப் பெண்டு எடுத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக எழுதியிருந்ததை மேலிருந்து கீழே படித்தார். என்னையும் மேலிருந்து கீழே பார்த்தார்.

"இருபத்திரண்டு இஞ்ச், இருபத்திநாலு இஞ்ச், ரெண்டுதான் சார் இருக்கு. இருபத்திரண்டு எடுத்துக்கங்க. சீட்டை இறக்கிவிட்டாச் சரியாயிடும்."

கேரியர் இலவசம் என்றார்.