குறுக்கே போனால் கிராஸ்

கே: வேலை கிடைத்துப் பெங்களூரு வந்திருக்கிறேன். வாடகை வீட்டு முகவரியில் '5வது மெயின், 8வது கிராஸ்' என்று இருக்கிறது. கிராஸ் என்பது தெருவா, முச்சந்தியா?
– வேலூர்க்காரர், பி.டி.எம். லேஅவுட்

ப: தெருதான். நெடுக ஓடுவது மெயின். அதைக் குறுக்கே வெட்டிப் போவது கிராஸ். சென்னையில் 'குறுக்குத் தெரு' என்று தெருவையும் சேர்த்துச் சொல்வோம். இங்கே தெருவை விட்டுவிட்டார்கள், குறுக்கு மட்டும் நின்றுவிட்டது. கன்னடப் பலகையில் 'அட்ட ரஸ்தே' என்று எழுதியிருக்கும். அந்த 'அட்ட' நமக்கும் சொந்தம்தான். கால்மேல் கால் குறுக்கே போட்டு உட்கார்வதை அட்டணக்கால் என்கிறோமே, இரண்டுக்கும் ஒரே வேர்.

கே: தும்கூர் ரோட்டில் 'ஜாலஹள்ளி கிராஸ்' என்று இறக்கிவிட்டார்கள். அது எந்தத் தெரு?
– வாசகி, பீன்யா

ப: அது தெருவே இல்லை. பெரிய ரோட்டிலிருந்து ஊருக்கு வழி பிரிகிற இடம். செங்கல்பட்டுப் பக்கம் படாளம் கூட்டுரோடு, தேனிப் பக்கம் க.விலக்கு, கோவைப் பக்கம் 'பிரிவு' என்கிறோமே, அதுதான் இங்கே கிராஸ். முன்னால் எண் வந்தால் தெரு, ஊர்ப் பெயர் வந்தால் கூட்டுரோடு. பெரும்பாலும் இந்தக் கணக்கு தப்பாது.

கே: மேலாளர் என்மேல் 'கிராஸ்' ஆக இருக்கிறாராம். குறுக்கே நிற்கிறாரா?
– மென்பொருள் ஊழியர், எலெக்ட்ரானிக் சிட்டி

ப: கோபமாக இருக்கிறார். பிரிட்டிஷ் வழக்கு அது. ஆள்மேல் கோபம் என்றால் பின்னால் 'வித்' போடுங்கள். காரணத்தைச் சொல்லும்போது 'அபவுட்'.

கே: வீட்டு அட்வான்ஸை 'கிராஸ் செக்'காகக் கேட்கிறார் வீட்டுக்காரர். தரலாமா?
– வாசகர், சிவாஜிநகர்

ப: தாராளமாக. செக்கின் குறுக்கே இரண்டு இணைகோடு போட்டால் கவுண்டரில் ரொக்கமாக எடுக்க முடியாது, வங்கிக் கணக்கில்தான் வரவாகும். 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்திலேயே இருக்கிறது. யாருக்குப் போனது என்று தடம் இருக்கும். பல மாத வாடகையை மொத்தமாகக் கேட்கும் ஊரில் உங்களுக்கு இது பெரிய பாதுகாப்பு.

கே: '8வது கிராஸ்' என்று சொன்னேன், ஆட்டோக்காரர் முறைத்தார். ஏன்?
– கல்லூரி மாணவி, மல்லேஸ்வரம்

ப: ஊர் முழுக்க 8வது கிராஸ் இருக்கிறது, அவர் எதற்குப் போவார்? பேட்டைக்குப் பேட்டை எண் ஒன்றிலிருந்து தொடங்கும். 1898 பிளேக்குக்குப் பிறகு உருவான உங்கள் மல்லேஸ்வரத்தில் மெயின் ரோடுகளுக்காவது அழகான பெயர் உண்டு: சம்பிகே என்றால் செண்பகம், மார்கோசா என்றால் வேம்பு. 'மல்லேஸ்வரம், சம்பிகே ரோடு, 8வது கிராஸ்' என்று சொல்லியிருந்தால் கடைத்தெருவில் இறக்கிவிட்டிருப்பார். ஆம்புலன்ஸை அழைத்தாலும் இதே வரிசைதான். முதலில் பேட்டை, அடுத்து மெயின், கடைசியில் கிராஸ். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதை எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.