அரிப்பெழுத்து இலக்கணம்: மூன்று சூத்திரங்களும் உரையும்

முதலெழுத்து உயிரும் மெய்யும் என இருவகைப்படும் என்று பள்ளியில் படித்தோம். மன்னார்க் கரையில் மூன்றாவது வகையொன்று உண்டு. உயிர் பாதி போய், மெய் பாதி உரிந்து, ஒருபக்கம் சாய்ந்து நிற்கும் எழுத்து அது. அருவியாறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே உள்ள அரிப்பு என்னும் ஊரில், கரையேற்றிய வள்ளங்களின் அணியத்தில் இதைக் காணலாம். ஆகவே ‘அரிப்பெழுத்து’ எனப் பெயரிட்டேன். ஊர்ப்பெயர் இப்படி ஒத்துப்போவது தற்செயல்தான் என்போர் ஆய்வுக்கு லாயக்கற்றவர்கள்.

சூத்திரம் 1:
சாயா எழுத்துக் கரையில் கிடக்கும்;
சாய்ந்த எழுத்தே கடலுக் குரித்து.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், சாய்வின் இயல்பு உணர்த்துதல் நுதலிற்று. சாய்வெழுத்தை முதலில் அச்சில் ஓடவிட்டது வெனிஸ் நகரம். 1501இல் ஆல்டஸ் மனூசியஸ் வெளியிட்ட வேர்ஜிலின் கவிதை நூல் முழுவதும் அவ்வெழுத்தில் வந்தது. அச்சுருவை வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. கையெழுத்தின் ஓட்டத்தைப் பார்த்து அவர் புதிதாகவே வரைந்தார். தமிழ் எழுத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானபோது எழுத்துகள் நிமிர்ந்தே நின்றன. இன்றும் கணினி பெரும்பாலும் தமிழ் எழுத்தின் தோளில் கைவைத்துத் தள்ளிவிடுகிறது. அதையே சாய்வு என்கிறோம்.

வள்ளத்தில் பெயர் எழுதுபவரோ வேகம் காட்டவே சாய்க்கிறார். அங்கேதான் ஆய்வாளர் இதுவரை கவனியாத சிக்கல். வள்ளத்தின் வலப்புறத்தில் ‘மடு மாதா’ என வலப்பக்கம் சாய்த்து எழுதினால், எழுத்து அணியத்தை நோக்கிப் பாயும். அதே கை இடப்புறத்திலும் அவ்வாறே எழுதினால், எழுத்து பின்புறம் நோக்கிச் சாயும். ஒரு பக்கத்தில் மாதா கடலுக்குப் போகிறார். மறுபக்கத்தில் அதே நேரத்தில் வீட்டுக்குத் திரும்புகிறார். மீனவருக்கு இரண்டும் வேண்டியவை என்பதால் இது பிழையன்று, வழுவமைதி எனக் கொள்க.

சூத்திரம் 2:
புள்ளி முதற்கெடும்; வாலது பின்கெடும்;
எஞ்சிய கொண்டே ஊரார் படிப்பர்.

சிதைவின் முறை உணர்த்திற்று. வெயில் பெயின்றை மாவாக்கும். உப்பு விரிசலுக்குள் புகுந்து அதைக் கிளப்பும். சோளகக் காற்று மணலை அள்ளித் தேய்க்கும். இழுத்துக் கட்டும் கயிறு மிச்சத்தை உரசும். மரத்தில் எழுத்து வெடிக்கும். ஃபைபரில் தோலாக உரியும்.

முதலில் போவது புள்ளி. பிறகு ரகரத்தின் வால். இரண்டும் போனால் ‘அந்தோனியார்’ என்பது ‘அநதோனியாா’ ஆகிவிடும். இதைக் கண்டு கலங்க வேண்டாம். ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளி வைப்பது அரிது. ரகரமும் காலும் ஒரே வடிவம். ஆக, கடல் எழுத்தை அழிக்கவில்லை. பழைய ஏட்டு வழக்குக்குத் திருப்பி அனுப்புகிறது.

இச்சிதைவைக் கணினியில் செய்து விற்போரும் உளர். 1991இல் எரிக் வான் புளோக்லாண்ட் தட்டச்சுப்பொறியின் அழுக்கெழுத்தை ‘ட்ரிக்ஸி’ என்ற எழுத்துருவாக்கினார். அதன்பின் சிதைவு ஒரு சரக்காயிற்று. போலியைக் கண்டுபிடிப்பது எளிது. போலியில் இரண்டு அகரத்துக்கும் ஒரே இடத்தில் ஒரே ஓட்டை இருக்கும். அரிப்பில் ஓர் அகரம் பட்ட அடியை இன்னோர் அகரம் படுவதில்லை.

சூத்திரம் 3:
விளையாட்டு வண்டி வீரம் இவற்றுள் ஆகும்;
மருந்து கடன்சீட்டு மரணம் ஆகா.

பயன் கூறிற்று. உதைபந்தாட்டக் குழுவின் மேற்சட்டை, ஓட்டோவின் பின்கண்ணாடி, சண்டைப் படத்தின் தலைப்பு ஆகியவற்றுக்கு அரிப்பெழுத்து பொருந்தும். மருந்துப் போத்தலில் அளவு அரித்திருந்தால் நோயாளி பிழைக்கமாட்டார். கடன்சீட்டில் அரித்திருந்தால் கொடுத்தவர் பிழைக்கமாட்டார். மரண அறிவித்தலில் இட்டால், செத்தவர் எப்போதோ செத்தவர் என்று ஊர் வராமல் இருந்துவிடும்.

ஒருமுறை இவ்வெழுத்தில் ஒரு பதாகை அச்சிடக் கொடுத்தேன். அச்சகத்தார் ஓட்டைகளையெல்லாம் இரவிரவாகக் கறுப்பால் அடைத்து, “உங்கட ஃபைல் பழுதாப் போச்சு, திருத்திப்போட்டன்” என்றார்.

புறனடை: எழுத்துக்குச் சொன்னது கட்டடத்துக்கும் ஒக்கும். ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்க்க 1801க்கும் 1804க்கும் இடையில் இங்கே டொரிக் தூண்களோடு ஒரு மாளிகை கட்டினார். ஊரார் அதை அல்லிராணிக் கோட்டை என்பர். நோர்த் அதை நிமிர்ந்த ரோமன் எழுத்தாகவே கட்டினார். கரையைத் தின்ற கடல் அதைச் சாய்வெழுத்தாக்கி, பிறகு சிதைவெழுத்தாக்கி, சில வரிகளை விழுங்கியும்விட்டது.

இவ்வளவும் எழுதியபின், உறுதிப்படுத்த ஒரு சம்மாட்டியாரிடம் போய், அவருடைய வள்ளத்தின் எழுத்தழகை வியந்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அழகோ? அது முந்தின வருசத்துப் பெயின்ற், தம்பி. திருப்பி அடிக்கக் காசு வரேல்ல.”

ஆகவே முடிபு: அரிப்பெழுத்தைக் காசு கொடுத்து வாங்குவோர் நகரத்தார், காசு கிடைத்ததும் அழிப்போர் அரிப்பார். ஒரு ரின் பெயின்ற் வந்து சேர்ந்தால், மேற்படி மூன்று சூத்திரங்களும் ஒரே காலையில் வழக்கொழியும்.