கட்டணம் கட்டி ஒரு தண்டனை

1925இல் துருக்கி அரசுக்கு ஜெவாத் ஷாகிர் கபாஆச்லி என்ற எழுத்தாளர் மீது கோபம் வந்தது. படையிலிருந்து ஓடியவர்களை விசாரணையில்லாமல் தூக்கில் போட்டதைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதிவிட்டார். மூன்று ஆண்டுகள் போட்ரம் என்ற ஊரில் போய்க் கிட என்று தீர்ப்பு. போட்ரம் அப்போது கடற்பஞ்சு எடுப்பவர்களும் மீனவர்களும் வாழ்ந்த, சொல்லிக்கொள்ளும்படி சாலைகூட இல்லாத ஏஜியன் கடலோரச் சிற்றூர். ஆள் அங்கே வாடி வதங்கிவிடுவார் என்பது கணக்கு.

ஆள் வாடவில்லை. கடலைப் பார்த்த மாதிரி ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். மீனவர்களோடு கடலுக்குப் போனார். பாதித் தண்டனை முடிந்ததும் மீதியை இஸ்தான்புல்லில் கழிக்கலாம் என்று அரசு மனமிரங்கியது. உண்மையான தண்டனை அதுதான் போலிருக்கிறது. முடிந்த கையோடு போட்ரமுக்கே திரும்பி வந்து நீண்ட காலம் அங்கேயே இருந்துவிட்டார். ஊரின் பழைய கிரேக்கப் பெயரைச் சேர்த்து ‘ஹலிகார்னாசஸ் மீனவன்’ என்று புனைபெயரும் வைத்துக்கொண்டார். மாமியார் வீட்டுக்கு அனுப்பியவன் அங்கேயே வீட்டோடு மாப்பிள்ளையான கதை இது.

1940களில் அவரும் சபாஹத்தின் எயூபோலு போன்ற நண்பர்களும் கடற்பஞ்சுப் படகுகளில் ஏறிக் குடா குடாவாகச் சுற்றத் தொடங்கினார்கள். காய்ந்த ரொட்டி, பாலாடைக்கட்டி, தண்ணீர், புகையிலை, ராக்கி என்ற மது. இவ்வளவுதான் சாமான். குழம்புக்கு வேண்டியதைக் கடல் கொடுக்கும். ஹோமரைத் துருக்கி மொழியில் மொழிபெயர்த்தவர்களில் ஒருவரான அஸ்ரா எர்ஹாத், இந்தப் பயணங்களை 1962இல் ‘நீலப் பயணம்’ என்ற புத்தகமாக எழுதினார். பிறகு நீலப் பயணம் ஒரு தொழிலாகிவிட்டது. செயற்கைப் பஞ்சு வந்து கடற்பஞ்சு வியாபாரம் படுத்ததும் படகுகள் சுற்றுலாவுக்குத் திரும்பின. பஞ்சு எடுத்த படகில் இப்போது பஞ்சு மெத்தை.

படகுக்குப் பெயர் குலெட். போட்ரமிலும் போஸ்புருனிலும் பெரும்பாலும் பைன் மரத்தில் கட்டுகிறார்கள். இரண்டு பாய்மரம், அகன்ற பின்புறம், கீழே குளிர்சாதன அறைகள். விளம்பரப் படத்தில் எல்லாப் பாயும் காற்றில் உப்பியிருக்கும். நேரில் பார்த்தால் பாய்கள் உறை போட்டுத் தூங்கும். ஓடுவது டீசல் எஞ்சின். கோடையில் மதியத்துக்கு மேல் ‘மெல்டெம்’ என்ற வடமேற்குக் காற்று பலமாக அடிக்கும். அதற்குள் அடுத்த குடாவில் நங்கூரம் போட்டுவிட வேண்டும். அகலமான, கனமான குலெட்டுக்குக் காற்றை எதிர்த்துப் பாயில் ஏறும் திறமையும் குறைவு. பயணிக்கோ ஒரு மணிக்குச் சாப்பாடு வந்தாக வேண்டும். ஆகவே ஒருநாள் ஒப்புக்குப் பாயை ஏற்றுவார்கள். எல்லோரும் படம் எடுப்பார்கள். அடியில் எஞ்சின் முனகிக்கொண்டே இருக்கும்.

ஏறும்போதே செருப்பைக் கழற்றிக் கூடையில் போடச் சொல்வார்கள். தமிழ்நாட்டுக்காரருக்கு இதில் சிரமமில்லை. ஐரோப்பியர்தான் காலை எங்கே வைப்பது என்று தவிப்பார். கழிப்பறையில் காகிதம் போடக் கூடாது என்பது அடுத்த கட்டளை. துருக்கியில் தண்ணீர்க் குழாய் வைக்கும் வழக்கம் உண்டு என்பதால் அதிலும் நம்மவர் தப்பித்தார்.

நங்கூரம் போடுவது தனி நாடகம். முன்புறம் சங்கிலி கடகடவென்று இறங்கும். ஒரு பையன் கயிற்று நுனியோடு கடலில் குதித்து, கரைக்கு நீந்தி, ஒரு பாறையிலோ பைன் மரத்திலோ கட்டுவான். கேப்டன் பின்பக்கமாகவே படகை நகர்த்துவார். மெத்தையில் சாய்ந்தபடி பயணிகள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். கேப்டனுக்கு அந்த நேரத்தில் மட்டும் எந்த மொழியும் தெரியாது.

நின்ற கொஞ்ச நேரத்தில் ஒரு குட்டிப் படகு வந்து ஒட்டும். அதில் ஓர் அம்மா மெல்லிய கட்டையால் மாவைக் காகிதம்போலத் தேய்த்து, கீரையும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்து, சூடான கல்லில் போடுவார். ‘கோஸ்லெமே’ என்பார்கள். மூன்று வேளையும் வயிறு முட்டச் சாப்பிட்டவர்கள்கூடத் தட்டை நீட்டுவார்கள்.

தீவுகளில் வேடிக்கையானது கோகோவா வளைகுடாவின் செதிர். கிளியோபாட்ராவுக்காக மார்க் ஆண்டனி எகிப்திலிருந்து மணல் கொண்டுவந்து கொட்டினார் என்று கதை சொல்வார்கள். மணல் உண்மையில் ஊலைட்: சுண்ணாம்பு படலம் படலமாகப் படிந்து உருண்ட மணிகள். காதல் கதையை நம்புகிறவர்கள் பொட்டலம் கட்டிவிடுவார்கள் என்று கடற்கரையைக் கயிறு கட்டிக் காக்கிறார்கள். துண்டு விரிக்கக் கூடாது; வெளியேறும்போது உடம்பைக் கழுவிவிட்டுத்தான் வர வேண்டும். ராணி உயிரோடிருந்தபோதுகூட இவ்வளவு காவல் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

குலெட்டுகள் நிற்கும் இன்னோர் இடம் பழைய நிடோஸ் நகரம். சிற்பி பிராக்ஸிடெலீஸ் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அப்ரோடைட்டி தேவிக்கு இரண்டு சிலைகள் செய்தார் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்கிறார். ஒன்று ஆடையோடு, மற்றது ஆடையில்லாமல். கோஸ் தீவுக்காரர்கள் மானம் மரியாதை கருதி ஆடையுள்ளதை வாங்கிக்கொண்டார்கள். எதிரேயிருந்த நிடோஸ்காரர்கள் மற்றதை வாங்கினார்கள். அதைப் பார்க்கவே ஊர் ஊராகக் கப்பலேறி வந்தார்களாம். சிலையைக் கொடுத்தால் நகரத்தின் கடன் முழுவதையும் அடைப்பதாக நிகோமிடீஸ் மன்னர் சொன்னார். கடன் இருந்துவிட்டுப் போகட்டும் என்று மறுத்துவிட்டார்கள். சுற்றுலாப் பொருளாதாரம் புரிந்த முதல் நகராட்சி அதுதான். சிலை இன்று இல்லை. வட்டக் கோயிலின் அடித்தளம் என்று காட்டப்படும் கற்களைப் பார்க்க இப்போதும் குலெட்டுகள் வந்து நிற்கின்றன.

போக நினைப்பவர்கள் வெயிலும் கூட்டமும் கொல்லும் ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்து மே அல்லது செப்டம்பர் கடைசியில் போங்கள். பதிவு செய்யும்முன், பாய் எத்தனை மணி நேரம் விரிப்பீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சாப்பாட்டுப் பட்டியல் மட்டும் பதிலாக வந்தால், அது எஞ்சின் படகு.